எவ்வளவு நேரம் ஆச்சு, தாயி?

('கைவினை: பொழுதுபோக்கா, பிழைப்பா?' என்ற தலைப்பில் கெடா மாநிலம் சுங்கைப்பட்டாணியில் நடந்த தொலைக்காட்சி அரங்கத்தில், கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கும் இல்லத்தரசி ஒருவர் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி, "கைப்பேசியில் ஒரே தட்டில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பலாம். இந்தக் காலத்தில் அட்டை எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் பண்டிகை நாளில் முப்பது நாற்பது வாழ்த்துப் படங்களைத் தள்ளிவிட்டுத்தான் அடுப்புப் பக்கமே போகிறேன். (சிரிப்பு). தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், என் அப்பா என்னிடம் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

இலை கொட்டும் காலம்

நான் பிறந்தது பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இரண்டு பேருமே பால் மரம் வெட்டியவர்கள். விடியாத இருட்டில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவார்கள்.

பால் மரம் வருஷத்துக்கு ஒரு முறை இலை கொட்டும். எங்கள் கெடாவில் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தோட்டமே மொட்டையாகிவிடும். அப்போது பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். மளிகைக் கடையில் பற்று ஏறும். பெரியவர்களுக்கு அது கஷ்ட காலம். பிள்ளைகளான எங்களுக்கு அது விளையாட்டுக் காலம்.

விழுந்த இலை கால்வாய்த் தண்ணீரில் கிடந்து ஊறும். சில வாரம் போனால் சதையெல்லாம் அழுகிப்போய், நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சும். அதை எடுத்துக் கழுவி, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் காப்பாற்றுவேன். தீபாவளி சமயத்தில் தோட்டப் பள்ளி ஆசிரியை மணிலா அட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொடுப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும். மூன்று இலை நரம்புகளை மூன்று சுடராக ஒட்டி, கீழே ஒரு குத்துவிளக்கு வரைந்து, உள்ளே 'அப்பாவுக்குத் தீபாவளி வாழ்த்து' என்று எழுதி அப்பா கையில் கொடுத்தேன்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதை அவர் பார்க்கவே இல்லை. இலையைத்தான் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த இலை விழுந்தாலே நம்ம வயிறு காயும். இதை வச்சு நீ விளக்கு பண்ணியிருக்கியே" என்றார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எவ்வளவு நேரம் ஆச்சு, தாயி?"

"ரெண்டு நாள் சாயங்காலம்பா" என்றேன். அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

தம்பி, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். அட்டையில் இருப்பது காகிதம் இல்லை, ஒருவருக்காக இன்னொருவர் ஒதுக்கிய நேரம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தபோதுகூட, அச்சடித்த அட்டைக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். ஏழைத் தொழிலாளி வாங்க முடியாத விலை. கைவேலைக்கு விலை உண்டு என்பதை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஈர்க்குச்சி போதும்

தோட்டம் கைமாறியது. பால் மரம் போய் ஒரு பக்கம் செம்பனை வந்தது, இன்னொரு பக்கம் வீடுகள் வந்தன. நாங்கள் சுங்கைப்பட்டாணியில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். கல்யாணம் ஆகி, தொழிற்சாலை வேலையைப் பிள்ளைகளுக்காக விட்ட பிறகு, காணொளி பார்த்துப் பார்த்து அட்டை செய்யக் கற்றுக்கொண்டேன். இங்கே நிறைய தாய்மார்கள் இருக்கிறீர்கள். என்ன வேண்டும் என்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு 220 முதல் 300 கிராம் வரை கனமுள்ள காகிதம் வேண்டும். ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு அட்டை. மடிக்கும் இடத்தில் முதலில் மை தீர்ந்த பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். அப்புறம் மடித்து, கரண்டியின் பின்பக்கத்தால் தேயுங்கள். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அப்படிச் செய்யாவிட்டால் கனத்த காகிதம் மடிப்பில் வெடித்துப் பிசிறு தட்டும்.

குவில்லிங் என்கிற காகிதச் சுருள் வேலைக்கு 3 மில்லிமீட்டர் அகலத்தில் நீளமான கீற்றுகள் போதும். ஐரோப்பாவில் பறவை இறகின் தண்டில் சுற்றியதால் அந்தப் பெயர் வந்தது. நமக்கு எதற்கு இறகு? தென்னை விளக்குமாற்று ஈர்க்குச்சி இருக்கிறதே! நுனியைக் கீறி, கீற்றைச் செருகிச் சுற்றினால் சுருள். ஒரு பக்கம் கிள்ளினால் கண்ணீர்த் துளி வடிவம், இரண்டு பக்கமும் கிள்ளினால் கண் வடிவம். கோலம் போடத் தெரிந்த கைக்கு இந்த இரண்டு வடிவமும் போதும்.

திறந்தால் எழுந்து நிற்கும் அட்டையும் பெரிய வித்தை இல்லை. மடித்த தாளின் மடிப்புப் பக்கத்தில் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு வெட்டு. நடுவில் இருப்பதை உள்பக்கம் தள்ளினால் ஒரு படி வரும். அதன் முகப்பில் விளக்கை ஒட்டினால் மாடத்தில் வைத்த மாதிரி நிற்கும். ஒன்று மட்டும் கவனம். வெட்டின் நீளம் பக்கத்தின் அகலத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். மீறினால் அட்டையை மூடும்போது நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கள் ரப்பர் இலையை மறக்கலாமா? எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் இதே இலை நரம்புக்குச் சாயமேற்றிப் பூவாகவும் அட்டை அலங்காரமாகவும் விற்கிறார்கள். வீட்டில் செய்வதானால் முற்றிய இலையைச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக வேகவைத்து, பழைய பல்துலக்கியால் சதையைத் தட்டி எடுக்கலாம். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும், அலுமினியம் கூடாது. கையுறை கட்டாயம். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது. வாளியில் வாரக் கணக்கில் ஊறவைப்பவர்கள் இறுக்கி மூடி வையுங்கள். அட்டை செய்யப் போய் டெங்கிக் கொசு வளர்த்துவிடாதீர்கள். (சிரிப்பு).

நூறு அட்டை

இதுவரை சொன்னது இனிப்பு. இனிமேல்தான் கசப்பு.

2025 தீபாவளிக்கு முன்னால் ஒரு அக்கா வந்தார். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நூறு அழைப்பு அட்டை வேண்டும் என்றார். நான் ஒன்று 4 வெள்ளி என்றேன். "கடையில் அச்சடித்தது 1 வெள்ளிக்குக் கிடைக்குதே. நீ வீட்டில் சும்மாதானே இருக்கே" என்றார். அந்தச் 'சும்மா' என்ற சொல்லில் நான் விழுந்தேன். 2 வெள்ளி 50 காசுக்கு ஒத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். விரல் நுனியெல்லாம் கோந்து. அட்டையைக் கொடுத்து 250 வெள்ளி வாங்கி வந்த அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிவம் இரண்டில் படிக்கும் என் மகள், மிஞ்சிய அட்டையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டாள், "அம்மா, ஒன்னுக்கு எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா கேட்ட அதே கேள்வி!

"நாற்பது நிமிஷம்" என்றேன். அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். நூறு அட்டைக்கு 4,000 நிமிஷம். அதாவது 66 மணி 40 நிமிஷம். காகிதம், கோந்து, உறைக்கு 60 வெள்ளி போக மிச்சம் 190 வெள்ளி. "ஒரு மணிக்கு 2 வெள்ளி 85 காசும்மா." நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அதில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. குறைத்துக் கொடுத்தது யார்? அந்த அக்கா இல்லை. நான்தான்.

தராசு முள்

அன்றைக்கு ராத்திரி அப்பா நினைவுதான். பால் ஸ்டோரில் அவர் நிற்கும் காட்சி கண் முன்னால் வந்தது. வாளியை நிறுப்பார்கள். பால் கெட்டியா, தண்ணியா என்று மெட்ரோலாக் குழலை விட்டுப் பார்ப்பார்கள். கிராணி எழுதுவார். என் அப்பாவுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். "நம்ம வேர்வைப்பா, நாமதான் பாத்துக்கணும்" என்பார். எழுத்துத் தெரியாத அந்த மனிதருக்கு இருந்த கணக்கு, படித்த மகளுக்கு இல்லாமல் போய்விட்டதே!

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். இரண்டே வகை. ஒன்று, 15 நிமிஷ அட்டை. கூலி 2 வெள்ளி 18 காசு, பொருள் 60 காசு. வீணாவதையும் சேர்த்து 3 வெள்ளி 50 காசு. இன்னொன்று, 40 நிமிஷ அட்டை. கூலி 5 வெள்ளி 81 காசு, பொருள் 60 காசு. அதை 8 வெள்ளிக்குக் கொடுக்கிறேன். நேரத்தை மிச்சப்படுத்தவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு அட்டையாக முடிக்காமல், ஐம்பதுக்கும் கோடு அழுத்துவது ஒரு நாள், சுருள் சுற்றுவது ஒரு நாள், ஒட்டுவது ஒரு நாள். நம் ஊர் ஈரக் காற்றில் அட்டை வளையும். அதனால் கோந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து, ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுவேன்.

நடுவர் ஐயா, உண்மையைச் சொல்கிறேன். விலையை ஏற்றியதும் ஆர்டர் குறைந்தது. 'சும்மாதானே' என்றவர்கள் வரவில்லை. வந்தவர்கள் பேரம் பேசவில்லை. அட்டை கேட்பவர் குறைந்தாலும், பண்டிகைக்குப் பணம் வைக்கும் உறை கேட்பவர் குறையவில்லை. சீனருக்குச் சிவப்பு, மலாய்க்காரருக்குப் பச்சை, நமக்குப் பெரும்பாலும் ஊதா. அதையும் செய்கிறேன்.

அதனால் தாய்மார்களே, இதை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். முழுக் குடும்பத்தையும் இது தூக்கி நிறுத்தாது. ஆனால் 'பொழுதுபோக்கு' என்ற பெயரில் உங்கள் கூலியைத் தானமும் பண்ணாதீர்கள். அன்புக்காகக் கொடுக்கிறீர்களா, ஒரு காசு வாங்காதீர்கள். விற்கிறீர்களா, கூலியைச் சேர்த்து விலை சொல்லுங்கள். இரண்டையும் குழப்பினால் அன்புக்கும் மரியாதை இல்லை, உழைப்புக்கும் மரியாதை இல்லை.

ஒரே அடுக்குமாடியில் நாலு பெண்கள் தனித்தனியாக விலையைக் குறைத்துக்கொண்டே போனால் நாலு பேருக்கும் நஷ்டம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். நாம் தோட்டமா வாங்கப் போகிறோம்? ஒரு கட்டுக் காகிதத்தைச் சேர்ந்து வாங்கி, ஒரே விலையைச் சேர்ந்து சொல்ல முடியாதா? (கைதட்டல்).

என் அப்பா இப்போது இல்லை. லயத்தைக் காலி செய்த அவசரத்தில் அந்த மூன்று இலை அட்டையும் எங்கேயோ போய்விட்டது. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

தம்பி, நூறு பேருக்கு நீங்கள் கைப்பேசியிலேயே அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும் தீபாவளிக்கு உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு அட்டை, உங்கள் கையால் செய்து கொடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்வாரோ மாட்டாரோ, இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்.

"எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

 (பலத்த கைதட்டல்).