காத்து எந்தப் பக்கம் இருந்து வருது?

இந்த எபிசோடை வெளியில நடந்துக்கிட்டே கேக்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு உங்க முகத்தை வச்சே சொல்ல முடியுதா?

மதுரையில இருந்த வரைக்கும் எனக்கு அது தேவைப்பட்டதே இல்ல. ஃபேன் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும். இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்கு வந்து, வார இறுதியில பாறை ஏறப் பழகின பிறகுதான் காத்தைக் கவனிக்க ஆரம்பிச்சேன். அதுவும் ஒரு தப்புக்கு அப்புறம்தான்.

ஷெஃபீல்டுக்குப் பக்கத்துல பீக் டிஸ்ட்ரிக்ட்னு மலைப்பகுதி இருக்கு. அங்க ஸ்டேனேஜ்னு ஒரு பாறை விளிம்பு, சுமார் 6 கிலோமீட்டர் நீளம். கிரிட்ஸ்டோன்னு சொல்ற சொரசொரப்பான மணற்கல். கிளைம்பிங் பண்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். என் ரூம்மேட் அப்பதான் புதுசா ஏற ஆரம்பிச்சிருந்தா. திருநெல்வேலிப் பொண்ணு, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. முதல் தடவை வெளியில கூட்டிட்டுப் போறோம், பேர் பெற்ற இடமா இருக்கட்டும், நல்ல போட்டோவும் கிடைக்கும்னு ஸ்டேனேஜுக்கே போனோம். அன்னிக்குத் தென்மேற்குக் காத்து. ஸ்டேனேஜ் முகம் பெரும்பாலும் தென்மேற்கைத்தான் பாத்திருக்கு. நேரா மூஞ்சியில அறையுற மாதிரி காத்து.

நான் 'வெரி டிஃபிகல்ட்' கிரேடுல ஒரு ரூட் ஏறினேன். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. பிரிட்டிஷ் வரிசையில மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், அப்புறம்தான் சிவியர். அதாவது, புதுசா வர்றவங்க ஏறுற கிரேடு. பாதிக்கு மேல போனதும் கயிறு இறுக்கமா இருந்துச்சு. கொஞ்சம் தளர்த்துன்னு அர்த்தத்துல "ஸ்லாக்!"னு கத்தினேன். அவ காதுல "ஸேஃப்!"னு விழுந்திருக்கு. அதாவது, நான் மேல போய்ச் சேர்ந்து என்னைக் கட்டிக்கிட்டேன், நீ கயிறை விட்டுடலாம்னு அர்த்தம். ரெண்டு வார்த்தையும் ஸ-ல ஆரம்பிக்குது. மீதியைக் காத்து கொண்டு போயிடுச்சு.

அவ பிலே கருவியில இருந்து கயிறைக் கழட்டிட்டா. கடைசி அஞ்சு மீட்டர் என்னை யாருமே பிடிச்சிருக்கல. கீழ இறங்கிப் பேசினப்பதான் எனக்கே தெரிஞ்சது.

அவ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "சந்தேகமாத்தான் இருந்துச்சு அக்கா. மறுபடியும் கேட்டா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு விட்டுட்டேன்." எனக்கு அவமேல கோபமே வரல. அந்தக் காத்துல அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போனது நான். திரும்பக் கேளுன்னு சொல்லிக் கொடுக்காததும் நான்தான்.

அதுக்கு அப்புறம் கிளம்புறதுக்கு முன்னாடி நாங்க என்னென்ன பாக்குறோம்னு சொல்றேன்.

முதல்ல திசை. வானிலை அறிக்கையில மேற்குக் காத்துன்னா மேற்கே இருந்து வர்ற காத்து. மேற்கே போற காத்துன்னு எடுத்துக்கிட்டா கணக்கே தலைகீழாயிடும். தமிழ்ல இது ரொம்ப சுலபம். வடக்கே இருந்து வந்தா வாடை, தெற்கே இருந்து வந்தா தென்றல், கிழக்கே இருந்து வந்தா கொண்டல், மேற்கே இருந்து வந்தா கோடை. எல்லாமே வர்ற திசையை வச்ச பேருதான். பாறை எந்தத் திசையைப் பாத்திருக்குன்னு கைடுபுக்ல இருக்கும். காத்து வர்ற திசைக்கு முதுகைக் காட்டுற பாறையாத் தேடணும்.

ரெண்டாவது வேகம். சராசரியை மட்டும் பாக்காதீங்க, திடீர் வீச்சு எவ்வளவுன்னும் பாருங்க. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அது நம்மளைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். 30 கிலோமீட்டர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல, 60 வந்தா நிக்க முடியாது.

மூணாவது இடத்தோட வடிவம். மேடு ஏறி வர்ற காத்து விளிம்புலதான் வேகம் பிடிக்கும். அதனால அடிவாரம் அமைதியா இருந்தாலும் உச்சி அப்படி இருக்காது. மலை விளிம்பை விட்டுட்டு, தாழ்வான இடம், மரங்கள் சூழ்ந்த இடம், பழைய கல் குவாரி இதெல்லாம் பாருங்க. குவாரியில மேல உதிர் கல் இருக்கலாம், ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க. பலத்த காத்துல காஞ்ச கிளைக்குக் கீழ உக்காராதீங்க.

நாலாவது கிரேடு. காத்து இருந்தா வழக்கத்தை விட ஒண்ணு ரெண்டு படி குறைச்சுக்கோங்க. ஆனா சுலபமான ரூட்னா ஆபத்து இல்லன்னு நினைக்காதீங்க. அங்க நிறைய திட்டுகள் இருக்கும். கஷ்டமான செங்குத்துப் பாறையில தவறினா பெரும்பாலும் கயிறுல தொங்குவோம். இங்க தவறினா திட்டுல போய் மோதுவோம்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் பலத்த காத்து, இந்தத் தடவை வடமேற்கு. ஷெஃபீல்டுல ரயில் ஏறி, அஞ்சரை கிலோமீட்டருக்கும் மேல நீளமான டாட்லி சுரங்கத்தைத் தாண்டினதும் கிரிண்டில்ஃபோர்டு. அங்க இறங்கி, மரங்களுக்கு நடுவுல மேல நடந்து லாரன்ஸ்ஃபீல்டுக்குப் போனோம். பழைய குவாரி, ஸ்டேனேஜை விடத் தாழ்வு, உள்ள ஒரு குட்டை. மேல மரங்கள் ஆடுற சத்தம் கேக்குது, கீழ எங்க முடி கூட அசையல. அங்க 'புல்பிட் குரூவ்'னு ஒரு ரூட், அதுவும் வெரி டிஃபிகல்ட்தான்.

ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஒப்பந்தம் போட்டோம். சந்தேகம்னா கயிறைக் கழட்டக் கூடாது. நான் மேல இழுக்க இழுக்க, கருவி வழியாவே விட்டுக்கிட்டே இருக்கணும். கயிறு முழுசாத் தீர்ந்து அவ இடுப்பை இழுத்த பிறகு, தெளிவா மூணு இழுப்பு வந்தா மட்டும்தான் அவ ஏறணும்.

மேல போனேன். உச்சியில கொஞ்சம் காத்து இருந்துச்சு. என்னைக் கட்டிக்கிட்டு "ஸேஃப்!"னு கத்தினேன். கீழ இருந்து அவ குரல் வந்துச்சு:

"அக்கா, சரியா கேக்கல! திரும்பச் சொல்லுங்க!"

அன்னிக்கு நான் கேட்டதுலயே நல்ல வார்த்தை அதுதான். திரும்பச் சொன்னேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம், பத்திரமா இருங்க.