சான்றிதழ் மட்டும் போதுமா?

(பந்திங்கில் நடைபெற்ற கல்வி நிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் இந்த வட்டாரத்துத் தோட்டப் பிள்ளை. என் அம்மா விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போவார். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அந்நாளில் எங்கள் லயத்துப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: "நல்லாப் படிச்சு பாஸ் பண்ணிடு, மத்ததெல்லாம் தானா வரும்." அந்த அறிவுரையில் பாதி உண்மை. மறுபாதியைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆள்பலப் பிரிவில் 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வேலை கேட்டு வருகிறவர்களை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பதே என் வேலை. அந்த அனுபவத்தில் பெருமைப்பட நிறைய உண்டு. வருத்தப்பட ஒன்று உண்டு. அந்த ஒன்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு நேர்முகத் தேர்வு

2008ஆம் ஆண்டு. உற்பத்திப் பிரிவில் ஓர் இளநிலை மேற்பார்வையாளர் பதவிக்கு ஆள் எடுத்தோம். வந்தவர்களில் நம் பையன் ஒருவன் இருந்தான். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. அன்று வந்திருந்த அனைவரிலும் அவனுடைய சான்றிதழ்களே சிறந்தவை.

தேர்வுக் குழுவில் நாங்கள் மூவர். நான் ஒருவனே தமிழன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தன் பெயரைச் சொன்னான். பிறகு, "எல்லாம் பாரத்தில் எழுதியிருக்கிறேன்" என்றான். "இதற்கு முன்பு ஒரு குழுவை நடத்திய அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றான். "வேலையில் இருவர் சண்டையிட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்றதற்கு, "மேலதிகாரியிடம் சொல்வேன்" என்றான். பேசிய நேரம் முழுவதும் அவன் பார்வை தரையில் இருந்தது. பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது நம் வீடுகளில் மரியாதை. என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தன்னம்பிக்கைக் குறைவாகப் பட்டது.

பத்து நிமிடத்தில் தேர்வு முடிந்தது. அவனைவிடக் குறைந்த புள்ளிகள் பெற்ற, ஆனால் கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன வேறொருவருக்கு வேலை போயிற்று. நான் ஒரு சொல் சேர்த்துப் பேசியிருக்கலாம். வேறு விதமாகக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். 'தன் இனத்தான் என்பதால் பரிந்து பேசுகிறான்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் வாய் மூடி இருந்துவிட்டேன்.

கோயில் மண்டபத்தில் கண்டது

இரண்டு மாதம் கழித்து, பங்குனி உத்திரத்தன்று, உறவினர் வீட்டு உபயத்திற்காக ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். நண்பகல் அன்னதானம். மண்டபம் நிறைந்து வெளியே கூடாரம் வரை வரிசை நீண்டிருந்தது. அந்த வரிசையை நடத்திக்கொண்டிருந்தவன் அதே பையன்.

சற்று ஒதுங்கி நின்று கவனித்தேன். முதியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் முதல் பந்தியில் உட்கார வைத்தான். பரிமாறும் இளைஞர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, யாருக்கு எந்த வரிசை என்று சொல்லி வைத்திருந்தான். மூன்றாம் பந்தியில் சோறு போதாது என்று சமையற்கட்டிலிருந்து தகவல் வந்தது. அவன் பதறவில்லை. அடுத்த உலை கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டறிந்து, ஒலிபெருக்கியை வாங்கி, காத்திருந்தவர்களிடம் பணிவாக விவரத்தைச் சொல்லி, அதுவரை எல்லாருக்கும் மோரும் பழமும் கொடுக்க ஏற்பாடு செய்தான். பரிமாறுவதில் இரண்டு அம்மாக்களுக்குள் வாய்த்தகராறு வந்தபோது, "அக்கா, நீங்க இந்தப் பக்கம் வாங்க, இங்கதான் உங்க கை வேணும்" என்று ஒருவரை அழைத்துப் போனான். சண்டை அங்கேயே அடங்கியது.

பந்தி முடிந்த பின் அவனை அணுகினேன். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து கைகூப்பினான். "தம்பி, அன்றைக்கு ஏன் இதையெல்லாம் சொல்லவில்லை? குழுவை நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்டோமே" என்றேன். அவன் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை. "இது கோயில் வேலைதானே சார்! இதைப் போய் அங்கே எப்படிச் சொல்றது?"

அன்பர்களே, அந்தத் தேர்வில் தோற்றது அவன் மட்டுமல்ல. அவனிடம் இருந்ததைக் கண்டுகொள்ளத் தெரியாத நானும் தோற்றேன். இருப்பதை இருப்பதாகச் சொல்ல அவனுக்குக் கற்றுத் தராத நம் சமுதாயமும் தோற்றது.

மென்திறன் என்பது என்ன?

நமது உயர்கல்வி அமைச்சு 2006ஆம் ஆண்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. தேசிய மொழியில் 'கெமாஹிரான் இன்சானியா' என்பார்கள். தமிழில் மென்திறன் என்கிறோம். பட்டதாரிகளுக்குப் பாட அறிவோடு ஏழு திறன்கள் வேண்டும் என்று அது வகுத்தது. தொடர்பாடல், சிந்தித்துச் சிக்கலைத் தீர்த்தல், குழுவாகச் செயல்படுதல், வாழ்நாள் முழுவதும் கற்றலும் தகவலைக் கையாளுதலும், தொழில்முனைப்பு, தொழில் ஒழுக்கமும் நன்னெறியும், தலைமைத்துவம் ஆகியவையே அந்த ஏழு.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த அன்னதானப் பந்தியை நினைத்துப் பாருங்கள். காத்திருந்தவர்களிடம் பேசியது தொடர்பாடல். சோறு குறைந்தபோது வழி கண்டது சிக்கலைத் தீர்த்தல். பரிமாறுவோரைப் பிரித்து வைத்தது குழுப்பணி. முதியவர்களை முதலில் அமர்த்தியது நன்னெறி. அத்தனையையும் முன்னின்று நடத்தியது தலைமைத்துவம். ஏழில் ஐந்தை அந்த ஒரு நண்பகலில் பார்த்துவிட்டேன். இவற்றை நம் பிள்ளைகள் புதிதாக எங்கோ போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால், தம்மிடம் இருப்பதை அவர்கள் உணர வேண்டும். உணர்ந்ததைப் பிறர் விளங்கச் சொல்லவும் வேண்டும்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சிந்தனை என்று எண்ண வேண்டாம். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல மாட்டாதவரை, கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகிறார்.

இராமாயணத்தில் இராமபிரானும் அனுமனும் முதன்முதலில் சந்திக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒரு வகையில் நேர்முகத் தேர்வுதான். கம்பர் காட்டும் அனுமன் அங்கே ஒரு மாணவனின் வடிவில் வருகிறான். அவன் பேசியதைக் கேட்ட மாத்திரத்தில் 'சொல்லின் செல்வன்' என்ற பெயரைப் பெறுகிறான். வான்மீகி இன்னும் விரிவாகச் சொல்கிறார். அனுமனின் பேச்சு நீளவில்லை, குழறவில்லை, இழுக்கவில்லை, விரையவில்லை. குரல் நடுநிலையில் இருந்தது. முகத்திலும் கண்ணிலும் புருவத்திலும் ஒரு குறையும் தோன்றவில்லை என்று இராமன் இலக்குவனிடம் பாராட்டுகிறான். 27 ஆண்டுகள் நான் நிரப்பிய மதிப்பெண் தாளில் இருந்தவையும் ஏறக்குறைய இவைதாம்!

பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை?

குற்றம் பிள்ளைகளுடையது அன்று. வீட்டில் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்கிறோம். நல்லதுதான். ஆனால், பெரியவர்கள் பேசி முடித்த பிறகாவது, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறோமா? தமிழ்ப்பள்ளியில் கலகலப்பாக இருந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மொழி மாறிய அதிர்ச்சியில் அடங்கிப் போகிறது. பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற அச்சம் அங்கே தொடங்கி, வேலை தேடும் நாள்வரை கூடவே வருகிறது.

முன்பு இந்த நாட்டில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்களின் தமிழ் முரசு நாளிதழ் வழியாக 1950களில் மாணவர் மணிமன்றம் தோன்றியது. அதன் வழியில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் ஊர் ஊராகவும் தோட்டம் தோட்டமாகவும் வளர்ந்தன. பட்டிமன்றம் பேசவும், நாடகம் போடவும், கூட்டத்தை முறையாக நடத்தவும், கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்கு ஒப்படைக்கவும் இளைஞர்கள் அங்கே பழகினார்கள். நான் மேடை ஏறியதும் அப்படிப்பட்ட ஒரு மன்றத்தில்தான். முதல் நாள் கால் நடுங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்புக்கு மாற்று கிடையாது. பாடம் தெரியாதவன் இனிமையாகப் பேசினாலும் இயந்திரம் ஓடாது. திறமை இருந்தும் கதவு திறக்காத இடங்கள் இருக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், திறந்திருக்கும் கதவுக்குள் நுழையவாவது நாம் ஆயத்தமாக இருக்க வேண்டாமா?

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிக் கணக்கில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளிகள், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகள். 'டியூஷன் இருக்கிறது' என்று சொல்லிச் சங்கங்களையும் சீருடை இயக்கங்களையும் தவிர்க்காதீர்கள். பல்கலைக்கழகத்திற்கான 'மூவெட்' ஆங்கிலத் தேர்விலும் பேச்சுக்கு ஒரு பகுதி உண்டு. தனியாகவும் பேச வேண்டும், மற்றவர்களோடு கலந்துரையாடவும் வேண்டும்.

ஒரு சிறு பயிற்சியை இன்றிரவே தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில், இந்த ஆண்டு நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆயிற்று என மூன்று வரி போதும். தம்பியைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தியதாக இருக்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலைக் கவனித்ததாக இருக்கலாம். அதைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு அங்கே பதில் இருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். பணிவைக் குரலில் காட்டலாம். அதற்காகத் தரையைப் பார்க்க வேண்டியதில்லை.

அறங்காவலர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும்

பெரியோர்களே, உரிமையோடு ஒன்று கேட்கிறேன். திருவிழா வந்தால் நாற்காலி தூக்கவும், இலை எடுக்கவும், கூடாரம் கட்டவும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். அந்தத் தொண்டு புண்ணியமானது, சந்தேகமில்லை. ஆனால், ஒலிபெருக்கியும் கணக்குப் புத்தகமும் மட்டும் நம் கையை விட்டுப் போவதே இல்லை!

அடுத்த ஆண்டு ஒரே ஓர் உபயத்தை இந்த மாணவர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள். வரவு செலவுத் திட்டத்தை அவர்களே போடட்டும். மூன்று கடைகளில் விலை கேட்டு வரட்டும். ஊர்வல அனுமதிக்குக் காவல் துறைக்குத் தேசிய மொழியில் கடிதம் எழுதட்டும். அறிவிப்பை அவர்களே செய்யட்டும். முடிந்த பின் கணக்கை இந்தச் சபையில் எழுந்து நின்று வாசிக்கட்டும். பிழை வரும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து திருத்தினால் போதும். பிழையைத் திருத்திக்கொள்ளக் கோயிலைவிடப் பாதுகாப்பான இடம் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

நன்கொடையாளர்களே, நீங்கள் தரும் பணம் பாட நூலாகவும் தேர்வுக் கட்டணமாகவும் பேருந்துக் கட்டணமாகவும் மாறுகிறது. அதனோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தையும் நன்கொடையாகத் தாருங்கள். உங்களில் வணிகர்கள் இருக்கிறீர்கள். வங்கி அதிகாரிகள், தாதியர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். இந்த மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, நீங்கள் ஒரு பக்கமும் மாணவர் மறுபக்கமும் அமர்ந்து ஒரு மாதிரி நேர்முகத் தேர்வை நடத்துங்கள். முதல் தடுமாற்றம் நம் முன்னால் நடந்து முடியட்டும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் தொழிற்சாலை வேலை அதற்குள் நிரம்பிவிட்டது. என்னால் அதை மாற்ற முடியவில்லை. ஆனால், அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதே கோயில் மண்டபத்தில் அவனோடு உட்கார்ந்தேன். கேள்வி கேட்டேன். அன்னதானத்தை நடத்தியதை அவனுடைய சொற்களிலேயே சொல்ல வைத்தேன். முதல் வாரம் நான்கு வாக்கியம் வந்தது. மூன்றாம் வாரம் நான் இடையில் நிறுத்த வேண்டியிருந்தது! சில மாதங்களில் கிள்ளானில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. இன்று அங்கே ஒரு பிரிவுக்கே பொறுப்பாளர். பங்குனி உத்திரத்தில் மட்டும் இன்றும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பந்தியை நடத்துகிறார்.

இன்று கல்வி நிதி பெறும் பிள்ளைகளில் ஒருவரும், "கோயில் வேலைதானே" என்று தம் திறமையைத் தாமே மறைத்துக்கொண்டு திரும்பி வரக்கூடாது. நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து செய்யத் தவறியதை, நாம் எல்லாரும் சேர்ந்து செய்ய எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.