நீரிழிவும் ஆண்மைக் குறைவும்: புதுப்பிக்கும் வைத்தியத்தின் இன்றைய நிலை

நோய்களுட் சில பிறரிடம் எளிதிற் கூறத்தக்கன. காய்ச்சலென்றும் கால்வலியென்றும் ஒருவர் சொன்னால் அயலவர் பரிவோடு விசாரிப்பர். வேறு சிலவோ வைத்தியர் முன்னிலையிலும் வாய்திறந்து சொல்லப்படாதவை. நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் வழங்கப்படும் நோயினால் ஆண்களுக்கு ஏற்படும் ஆண்மைக் குறைவு இத்தகையது. கண்பார்வை மங்கினாலும் பாதத்திற் புண் ஏற்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருவர், இந்தக் குறையை ஆண்டுக் கணக்காக மறைத்து வாழ்கிறார். மனைவியோ, கணவருக்குத் தன்மீது பற்றுக் குறைந்துவிட்டதென எண்ணி உள்ளுக்குள்ளே வருந்துகிறாள். உடம்பில் ஏற்பட்ட ஒரு பழுது குடும்பத்தின் பழுதாகிவிடுகிறது.

இது புதிதாகத் தோன்றிய பிரச்சினையன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீக அறிஞர் இபுனு சீனா, நீரிழிவின் விளைவுகளுள் ஒன்றாக இதனைக் குறித்துள்ளார். 1798ஆம் ஆண்டிலே பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஜோன் ரோலோவும் தம் நோயாளி ஒருவரிடத்தில் இதனைக் கண்டு எழுதினார். நம் காலத்தில் இதன் பரப்பு எண்களாற் புலனாகியுள்ளது. உலகின் பல நாடுகளில் நடைபெற்ற 145 ஆய்வுகளை ஒருங்குதிரட்டி 2017ஆம் ஆண்டில் வெளியான கணிப்பொன்று, நீரிழிவுள்ள ஆண்களிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு இக்குறை ஓரளவிலேனும் உண்டு என்று காட்டியது. நீரிழிவு இல்லாதவரோடு ஒப்பிடும்போது இவர்களுக்கு இக்குறை ஏற்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகமாகும். ஆகவே, தமக்கு மட்டுமே நேர்ந்த இழிவென்று எவரும் இதனைக் கருதவேண்டியதில்லை.

இதற்குக் காரணம் யாது? ஆணுறுப்பினுள்ளே, நீளவாட்டில், கடற்பஞ்சு போன்ற இரண்டு உருளைகள் உள்ளன. மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் வரும் நரம்புகள் கட்டளை பிறப்பித்ததும், நரம்பின் நுனிகளும் குருதிக் குழாய்களின் உள்ளணியும் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சிறிதளவு சுரக்கின்றன. அந்த வாயு, உருளைகளிலுள்ள தசைகளை இளகச் செய்கிறது. இளகிய இடத்தினுள் குருதி பாய்கிறது. உருளைகள் நிரம்பிப் பருத்ததும், குருதியை வெளியே கொண்டுசெல்லும் நாளங்கள் நசுங்கி அடைபடுகின்றன. இவ்வாறு உட்புகுந்த குருதி தேங்கி நிற்பதே விறைப்பு. உடம்பின் குழாய்களைத் தளரச் செய்வதில் நைத்திரிக் ஒட்சைட்டுக்கு உள்ள பங்கைக் கண்டறிந்தமைக்காகவே மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998ஆம் ஆண்டில் நோபற் பரிசு வழங்கப்பட்டது.

நீரிழிவு இந்த ஒழுங்கை மூன்று இடங்களிற் குலைக்கிறது. குருதியில் நெடுங்காலம் மிகுந்து நிற்கும் வெல்லம் நரம்புகளை நலிவிக்கிறது. குழாய்களின் உள்ளணியைக் கெடுத்து, வாயுவின் சுரப்பைக் குறைக்கிறது. காலப்போக்கில், இளகவேண்டிய தசையின் இடத்தில் இளகாத நார்ப்பொருள் வளரவும் இடந்தருகிறது. கட்டளை, கட்டளையைக் கொண்டுசெல்லும் பொருள், கட்டளைக்கு இணங்கும் தசை ஆகிய மூன்றும் பழுதுபடும்போது குறை தோன்றுவதில் வியப்பில்லை.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் மாத்திரை இத்துறையிற் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. எனினும், நீரிழிவாளர் அனைவருக்கும் அது போதுமானதாக அமையவில்லை. 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் நீரிழிவுள்ள 268 ஆண்கள் பங்குபற்றினர். மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 56 பேர் முன்னேற்றம் கண்டனர்; மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்குப் பத்துப்பேரே முன்னேற்றம் கூறினர். மாத்திரை பயன்தருவது தெளிவு. ஆயினும், எஞ்சிய பலருக்கு அது ஏன் பயன்தரவில்லை என்ற வினா எழுகிறது.

வயலுக்கு நீர் பாய்ச்சும் கமக்காரனுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். வயலிற் பாய்ந்த நீர் வடிந்துபோகாதபடி அவன் வரம்பு கட்டுகிறான். மாத்திரை செய்வதும் அதுவே. நைத்திரிக் ஒட்சைட்டின் தூண்டுதலால் உண்டான ஆற்றல் விரைவில் அழிந்துபோகாமல் அது தடுத்து வைக்கிறது. ஆனால் வாய்க்காலே தூர்ந்து நீர் வராதபோது, வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் என்ன பயன்? நரம்பும் உள்ளணியும் நலிந்து, வாயு சுரப்பதே அரிதாகிவிட்டவரிடத்தில் மாத்திரைக்குக் காப்பதற்கென்று எதுவுமில்லை. வாய்க்காலையே திருத்த முடியுமா என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளரின் வினா. பழுதுபட்ட நரம்பையும் குழாயையும் தசையையும் மீண்டும் வளரச் செய்யும் முயற்சியே புதுப்பிக்கும் வைத்தியம் எனப்படுகிறது.

இம்முயற்சி மூன்று வழிகளில் நடைபெறுகிறது. முதலாவது, தண்டுக் கலங்களை ஊசிமூலம் உட்செலுத்துதல். இவை, பிறவகைக் கலங்களாக மாறவல்ல மூலக் கலங்கள். இரண்டாவது, நோயாளியின் சொந்தக் குருதியிலிருந்து சிறுதட்டுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்து அவ்விடத்திற் செலுத்துதல். மூன்றாவது, வலுக்குறைந்த அதிர்வலைகளை வெளியிலிருந்து பாய்ச்சிப் புதிய குருதிக் குழாய்கள் முளைக்கத் தூண்டுதல். சிறுநீரகக் கல்லை உடைப்பதற்கு 1980ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதரிடத்திற் கையாளப்பட்ட அதிர்வலையின் வலுக்குறைந்த வடிவமே இது. 2010ஆம் ஆண்டில் இஸ்ரவேலின் கைஃபா நகர வைத்தியர்கள் குருதிக் குழாய்க் குறையுள்ள இருபது ஆண்களிடத்தில் இதனைச் சோதித்து, முன்னேற்றம் கண்டதாக அறிவித்தனர்.

தண்டுக் கலங்களைப் பற்றிய நம்பிக்கை விலங்குச் சோதனைகளிலிருந்து பிறந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர ஆராய்ச்சியாளர்கள், நீரிழிவுள்ள எலிகளுக்குக் கொழுப்பிழையத்திலிருந்து எடுத்த தண்டுக் கலங்களைச் செலுத்தினர். எலிகளின் விறைப்பாற்றல் உயர்ந்தது. பின்னர் இழையத்தை வெட்டிப் பார்த்தபோதோ, செலுத்திய கலங்களுள் மிகச் சிலவே அங்கு எஞ்சியிருந்தன. புதிய கலங்கள் செங்கல்லைப்போல் அடுக்கப்பட்டுச் சுவரை எழுப்பவில்லை என்பது இதனாற் புலப்பட்டது. அவை சிலகாலம் தங்கி, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, அங்கிருந்த பழைய கலங்களை வேலைக்கு எழுப்பிவிட்டன என்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

அதே 2010ஆம் ஆண்டில், மனிதரிடத்தில் நடைபெற்ற முதற் சோதனையின் முடிவு தென்கொரியாவிலிருந்து வெளியாயிற்று. அதிற் பங்குபற்றியோர் எழுவர். 57 வயதுக்கும் 87 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அனைவரும் இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்கள். ஆறு மாதங்களாக மருந்துகளாற் பயன்பெறாது, செயற்கை உறுப்புப் பொருத்தும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள். தொப்புட்கொடிக் குருதியிலிருந்து பெறப்பட்ட தண்டுக் கலங்கள் இவர்களுக்குச் செலுத்தப்பட்டன. மூன்று மாதங்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோருக்குக் காலை விறைப்பு மீண்டது. ஆயினும், அது இல்லறத்துக்குப் போதிய வலிமையுடையதாக இருக்கவில்லை. மாத்திரையும் சேர்த்து உண்டபோது இருவர் இல்லற உறவுக்கு ஆற்றல் பெற்றனர். முன்னர் மாத்திரைக்கு இணங்காத உடம்பு இப்போது ஓரளவு இணங்கியது என்பதே இச்சோதனையின் சிறப்பு. தூர்ந்த வாய்க்காலிற் சிறிது நீர் கசியத் தொடங்கியது போன்றது அது.

2018ஆம் ஆண்டில் யோர்தான் நாட்டு வைத்தியர்கள் நீரிழிவுள்ள நால்வருக்கு அவர்களது சொந்த என்புமச்சையிலிருந்து எடுத்த கலங்களைச் செலுத்தி, தீங்கு விளையவில்லை என்றும் ஓரளவு பயன் தெரிந்தது என்றும் அறிவித்தனர். எழுவர், நால்வர் என்னும் இச்சிறு தொகைகளைக் கொண்டு ஊரறிய ஒரு வைத்தியத்தை அறிவித்தல் இயலாது. இத்தகைய சோதனைகள், அடுத்த சோதனையை நடத்தலாமா என்று அறிவதற்கே உரியவை.

பெருந்தொகையினரைச் சோதிப்பதும், அவர்களுட் பாதிப்பேருக்கு மருந்தற்ற ஊசி போட்டு ஒப்பிடுவதும் ஏன் இன்றியமையாதவை? சிறுதட்டு வைத்தியத்தின் வரலாறு இதனை நன்கு காட்டும். 2021ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் அறுபது ஆண்களிடத்தில் நடைபெற்ற சோதனையிலே, சிறுதட்டு ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 69 பேரும், போலி ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 27 பேரும் முன்னேற்றம் கண்டனர். செய்தி பலருக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால், 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து வெளியான இதேபோன்ற சோதனையில், ஒரு மாதத்தின் பின் சிறுதட்டு பெற்றோருள் நூற்றுக்கு 58 பேர் முன்னேறினர். போலி ஊசி பெற்றோருள்ளும் நூற்றுக்கு 54 பேர் முன்னேறினர். இரண்டுக்குமிடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த இரண்டாம் எண்ணிக்கை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மருந்தே இல்லாத ஊசியால் பாதிப்பேருக்கு மேல் நலமடைந்ததாகக் கூறினர். இவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். விறைப்பு என்பது மனத்தின் துணையோடு நிகழ்வது. அச்சம் நீங்கி நம்பிக்கை பிறந்தால் உடம்பும் சிறிது ஒத்துழைக்கும். இவ்வாறிருக்க, ஒப்பீடின்றி ஊசி போட்டுவிட்டு, "எம்மிடம் வந்தோரிற் பாதிப்பேர் குணமடைந்தனர்" என்று விளம்பரஞ் செய்யும் நிலையத்தின் கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் மருந்தின் ஆற்றலுக்கு அது சான்றாகாது.

இதனாலேயே, அமெரிக்கச் சிறுநீரியற் சங்கம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில் இம்மூன்று வைத்தியங்களையும் ஆராய்ச்சி நிலையிலுள்ளவை என வகுத்தது. வட அமெரிக்கப் பாலியல் மருத்துவச் சங்கம் 2021ஆம் ஆண்டில், இவை முறையான ஆராய்ச்சியின் கீழேயே அளிக்கப்படவேண்டும் என்றும், ஆராய்ச்சியின் அடிப்படைச் செலவுக்கு மேல் நோயாளியிடம் பணம் பெறுதல் தகாது என்றும் கூறியது. பெருந்தொகை கேட்டு இவ்வூசியை ஏற்ற முன்வருவோரிடம் மூன்று வினாக்களை வினவுதல் நன்று. இது பதிவுசெய்யப்பட்ட ஆராய்ச்சியா? போலி மருந்தோடு ஒப்பிடப்படுகிறதா? பணம் எதற்காகப் பெறப்படுகிறது? இவ்வினாக்களுக்குத் தெளிந்த விடை கிடையாத இடத்தில், நோயாளியின் வெட்கமே பிறருக்கு முதலாகிவிடுகிறது.

ஆண்மைக் குறைவை மறைப்பதால் வரும் கேடு பணத்தோடு நிற்பதுமில்லை. ஆணுறுப்பின் நாடிகள், இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளிலும் ஒடுங்கியவை. ஆதலின் குழாய் அடைபடும் நோய் பெரும்பாலும் இங்கேயே முதலில் வெளிப்படும். 2003ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளியான ஆய்வொன்று, நெஞ்சுவலியால் வந்து இதய நாடி அடைப்பு உறுதிப்பட்ட 300 ஆண்களை விசாரித்தது. அவர்களிற் பாதிப்பேருக்கு ஆண்மைக் குறைவு இருந்தது. அக்குறையுடையோருள் மூன்றில் இருபங்கினருக்கு அது இதயநோயின் அறிகுறிகளுக்குச் சராசரி 39 மாதங்கள் முன்னரே தோன்றியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உடம்பு எச்சரித்திருக்கிறது. வெட்கத்தால் அந்த எச்சரிக்கையை மறைத்தவர், உயிரைக் காக்கும் வாய்ப்பையும் இழக்கக்கூடும்.

ஆகவே, இக்குறை தோன்றியவர் வைத்தியரிடம் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வைத்தியர் குருதி வெல்லம், குருதியமுக்கம், கொழுப்பு ஆகியவற்றோடு ஆண் ஓமோனின் அளவையும் சோதிப்பார். வேறு நோய்க்காக உண்ணும் மருந்துகள் காரணமாகுமோ என்றும் ஆராய்வார். புகைத்தலைக் கைவிடுதலும் நாளும் நடத்தலும் எடையைக் குறைத்தலும் நன்மை தரும். மாத்திரை பயன்தராதபோது ஊசி மருந்து, வெற்றிடக் கருவி, பொருத்தும் உறுப்பு என்னும் நிறுவப்பட்ட வழிகளும் உள்ளன. ஆனால் நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து உண்போர் சில்டெனாபில் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் உண்ணலாகாது. இரண்டும் சேர்ந்தால் குருதியமுக்கம் அபாயமான அளவுக்கு வீழ்ந்துவிடும். கடையில் மறைவாக வாங்கி உண்பதிலுள்ள பெரும் அபாயம் இதுவே.

பழுதடைந்த நரம்பையும் குழாயையும் புதுப்பிக்கும் நாள் வரக்கூடும். எலிகளிடத்திற் கண்டதும் கொரியாவின் எழுவரிடத்திற் கண்டதும் அந்நாளுக்கான தொடக்கங்கள். அதுவரை, நீரிழிவுள்ள ஒவ்வோர் ஆணும் அடுத்த முறை வைத்தியசாலைக்குச் செல்லும்போது, கண்ணையும் பாதத்தையும் காட்டுவதுபோல இக்குறையையும் தயங்காது கூறுவாராக. அவருடைய மனைவிக்கும் அந்தச் செய்தி தெரிந்திருப்பது நன்று.