வரைபடம் தெளிவாக அச்சாக...
(கணித ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு ஒன்றுக்கு நானே நிரல் எழுதி ஓர் இருபடி வரைபடம் தயாரித்தேன். திரையில் தெரிந்ததைப் படமாகப் பிடித்து, பெரிதாக்கி, வினாத்தாளில் ஒட்டி நகலெடுத்தேன். கோடு படிக்கட்டுப் படிக்கட்டாகச் சிதைந்துவிட்டது. வளைவரை அச்சை வெட்டும் இடம் 3. பலர் 2.5 என்று எழுத, தவறு போட்டேன். ஒரு மாணவி தாளோடு வந்து, "சார், நீங்களே பாருங்க, எதுல வெட்டுதுன்னு தெரியலையே" என்றாள். பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

அதன்பின் கற்றுக்கொண்டதுதான் போஸ்ட்ஸ்கிரிப்ட். அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட பக்க விவரிப்பு மொழி. இதில் நம் நிரல் படத்தை வரைவதில்லை. எப்படி வரைய வேண்டும் என்ற கட்டளைகளை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதுகிறது, அவ்வளவுதான். புள்ளிகளாக மாற்றும் வேலை அச்சிடும் நேரத்தில், அந்த அச்சுப்பொறியின் நுட்பத்துக்கு ஏற்ப நடக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது.

நமக்கு இது எளிது. தாளின் இடது கீழ் மூலையே ஆதிப்புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 72 அலகுகள். எண்கள் முன்னால், கட்டளை பின்னால். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது போலத்தான்.

y = x² − x − 6 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தின் மையத்தைத் தாளில் (300, 400) என்ற இடத்தில் வைத்து, ஓர் அலகுக்கு 36 என்று கொள்வோம். x = −3 எனில் y = 6. எனவே முதல் வரி "192 616 மூவ்டூ"; அந்த இடத்துக்குப் போ என்று பொருள். பிறகு x-ஐ 0.1 வீதம் கூட்டி 4 வரை ஒரு சுழற்சி. ஒவ்வொரு முறையும் ஒரு "லைன்டூ" வரி. x = 3 வரும்போது "408 400 லைன்டூ". இப்படி 70 வரிகள். முடிவில் கோட்டைத் தீட்ட "ஸ்ட்ரோக்", பக்கத்தை வெளியிட "ஷோபேஜ்". கோப்பில் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுத வேண்டும். அச்சுகளையும் எண்களையும் இதே முறையில் சேர்க்கலாம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இக்கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றித் தரும்.

மாணவர்களையே இந்த நிரலை எழுதச் சொல்லுங்கள். அளவுத்திட்டம் ஏன் தேவை என்பது அவர்களுக்குத் தானாகப் புரியும்.

அந்த மதிப்பெண்களைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். தவறு தாளில் இருந்தது, பிள்ளைகளிடம் இல்லை.