ஊழும் ஓதமும்

இன்று பட்டம் பெறும் இளைய நண்பர்களே,

நோணாங்குப்பத்திற்கு வந்தவன், இம்மண்டபத்தில் நுழையுமுன் சுண்ணாம்பாற்றங்கரையில் நின்றிருந்தேன். ஓதம் ஏறும் வேளை. கடலை நோக்கிச் செல்ல வேண்டிய ஆறு, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே தள்ளியதால், வந்த வழியே மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதிய மீனவர் ஒருவர் எதிர்நீரில் தோணியைச் செலுத்தி உடம்பை வருத்திக்கொள்ளாமல், கரையோரத்தில் கழியை ஊன்றி அதில் தோணியைக் கட்டி, மடியில் வலையைப் பரப்பி, கிழிந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணி திரும்பட்டும் என்றார். இன்று உங்களிடம் விதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று எண்ணி வந்த எனக்கு, அந்த விடையைக் காட்டிலும் நல்ல தொடக்கம் கிட்டியிராது.

விதி என்ற வடசொல் நம்மிடையே வழங்கத் தொடங்குமுன்னரே ஊழ் என்ற சொல் தமிழில் இருந்தது. முறைமை என்றும், முதிர்தல் என்றும், அரும்பு பக்குவமடைந்து மலர்தல் என்றும் பொருள்படும் அச்சொல்லில், பிற்காலத்துத் தலையெழுத்து என்ற சொல்லில் தொனிக்கும் அச்சமும் கையறுநிலையும் அவ்வளவாக இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. புறநானூற்றின் 192 ஆம் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனார், பெயருக்கேற்பக் காலத்தைக் கணிக்கும் மரபினராக இருந்திருக்கலாம். மழையால் பெருகிக் கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீரின் வழியே செல்லும் புணையைப் போன்றது உயிர் என்று கண்ட அப்பெருமகனார், அந்தக் காட்சியிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. அப்பாட்டின் முதலடியை மேடைதோறும் முழங்குகிற நாம், அதன் இறுதிப் பகுதியை மறந்துவிடுகிறோம். புணை நீரின்வழிப் படுவதை உணர்ந்தமையால், பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. ஊழ் என்னும் கொள்கையைச் சோம்பலுக்குத் துணையாகக் கொள்ளாமல், சக மனிதனை இகழாமைக்குக் காரணமாகக் கொண்ட இந்தச் சிந்தனையைத் தமிழர் உலகுக்கு அளித்த பெருங்கொடை என்று நான் மதிக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் கையில் இன்று ஏறப்போகும் பட்டத்தை இந்த நோக்கில் எண்ணிப் பாருங்கள். உங்கள் உழைப்பு அதில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தெருவிலேயே பிறந்து, உங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, உங்களைவிட விரைவாகக் கணக்குப் போட்டு, தகப்பனார் படுக்கையில் விழுந்த வருஷத்தில் பள்ளியை விட்டு நின்றுபோன தோழன் ஒருவன், தோழி ஒருத்தி உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டல்லவா? அவர்களுடைய புணை சென்ற நீரோட்டம் வேறு; அறிவு வேறல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விதி என்ற சொல்லை ஒருவன் தன் துயரத்தைத் தாங்கிக்கொள்வதற்காகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம்; பிறனுடைய துயரத்தைக் காட்டி அவன் விதி என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இந்தப் புதுச்சேரியின் பஞ்சாலைத் தொழிலாளர்கள், நாள் முழுதும் உழைத்துத் தேய்வதே தங்கள் தலைவிதி என்று அடங்கியிருக்க மறுத்து, எட்டு மணி நேர வேலையைக் கோரிப் போராடினார்கள். 1936 ஜூலை 30 ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு அவர்களில் 12 பேர் இரையானார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கோரிக்கை சட்டமாயிற்று. அந்தப் பன்னிருவருள் ஒருவரும் அதன் பயனை அனுபவிக்கவில்லை. ஆயினும் அவர்களுக்குப் பின் வந்தவர்கள் இந்த ஊரில் பகல் வெளிச்சத்தில் வீடு திரும்பி, பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்ச முடிந்தது. எழுதப்பட்டது என்று சொல்லப்பட்ட ஒன்று திருத்தி எழுதப்பட்டதை இந்நகரத்தின் தெருக்கள் கண்டிருக்கின்றன.

திருவள்ளுவர் ஊழின் வலிமையை 38 ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு அறத்துப்பாலை நிறைவு செய்தார். பொருட்பாலில் 62 ஆம் அதிகாரத்திற்கு வரும்போதோ, தளராமல் முயல்கிறவன் அந்த ஊழையும் புறமுதுகிடச் செய்வான் என்றார். இவ்விரண்டும் முரண் என்று உரையாசிரியர்கள் காலங்காலமாகச் சமாதானம் தேடியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் நின்ற எனக்கு முரண் தோன்றவில்லை. ஓதத்தை அந்த மீனவர் திருப்பவில்லை. ஓதம் திரும்பியபோது அவர் வலையில் கிழிசல் ஒன்றும் மிச்சமில்லை. கழியைப் பிடுங்கிக்கொண்டு அவர் கிழக்கே புறப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இங்கே வந்தேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீடு திரும்பியதும், பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன், படிப்பு நின்றுபோன அந்தத் தோழனின் வீட்டுக்கு, அந்தத் தோழியின் வீட்டுக்குச் செல்லுங்கள். முதலில் அதை அவர்கள் கையில் கொடுங்கள்.