எதை அளப்பது?

டில்லி வீதிகளில் வேம்பும் புளியும் நிழல் பரப்பி நிற்பதைக் கண்டு சொந்த ஊரை நினையாத தமிழன்பர் இரார். அம்மரங்கள் நாட்டின் வனக் கணக்கில் சேருமா? இதற்கு விடை மரத்தைப் பொறுத்ததன்று. எதை அளப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களைப் பொறுத்தது.

1965-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு நம் நாட்டில் ஒரு வனவள ஆய்வு தொடங்கிற்று. மரத்தை நம்பிய தொழில்களுக்கு மூலப்பொருள் எங்கே, எவ்வளவு கிடைக்கும் என்பதே அன்றைய கேள்வி. ஆகவே தண்டை அளந்தார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது ஓர் ஆளின் மார்பளவில், மரத்தின் விட்டம் குறிக்கப்படும். அதைக்கொண்டு மரத்தின் கன அளவு கணக்கிடப்படும். ஏழைப் பெண் பொறுக்கும் சுள்ளியும், மத்திய இந்தியப் பழங்குடிகள் விடியலில் திரட்டும் இலுப்பைப் பூவும் இந்தக் கன அளவில் ஏறா.

1981-இல் டேராடூனில் இந்திய வன ஆய்வு நிறுவனம் அமைந்தது. செயற்கைக் கோளின் படங்கள் வந்தபின் கேள்வியே மாறிவிட்டது. வானத்துக் கண்ணுக்குத் தழை விதானமே தெரியும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதமேனும் விதானம் கவிந்திருந்தால் அது வனப் பரப்பு. மரம் எவ்வினம், நிலம் எவருடையது என்ற விசாரணை இல்லை. மலைச் சோலையும் தென்னந்தோப்பும் அங்கே ஒரே பந்தியில் அமர்கின்றன! வீதியோர வேம்பு போன்றவை 'மரப் பரப்பு' என்ற தனிக் கணக்கில் சேர்கின்றன. 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி வனப் பரப்பு நாட்டின் நிலத்தில் 21.76 சதவீதம், மரப் பரப்பு 3.41 சதவீதம்.

அளவுகோல் மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1999-ஆம் ஆண்டு அறிக்கையில் வனப் பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர், 2001-இல் 6,75,538. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழக் கேரள மாநிலத்தளவு காடு முளைத்துவிட்டதோ என்று மகிழ வேண்டாம். முன்னர் நாட்டின் பெரும்பகுதியில் 25 ஹெக்டேருக்குக் குறைந்த தோப்புகள் படத்தில் ஏறவில்லை. 2001 முதல் ஒரு ஹெக்டேர் தோப்பும் ஏறியது. ஆதலின் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தல் தகாது.

அப்படியானால் பழைய அளவையே என்றும் பற்றி நிற்பதா? அதுவும் இயலாது. நம் வனங்கள் தாங்கும் கரியில் பாதிக்கு மேல் மண்ணில் இருக்கிறது. தண்டை மட்டும் அளந்தவர் அதை எங்ஙனம் அறிவார்? இப்போது 30 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் கூட்டும் ஒவ்வோர் அளவுக்கும், காட்டினுள் நடக்கும் ஊழியரின் உழைப்பும் பொழுதும் செலவாகும்; எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும்.

எதை விட்டாலும் கன்றுகளை விடலாகாது என்பது என் கருத்து. ஆடுமாடு மேய்ந்து கன்றுகள் அற்றுப்போன காட்டிலும் முதுமரங்களின் விதானம் பல்லாண்டு பசுமையாகவே தோன்றும். தண்டின் கணக்கும் குறையாது. தரையில் குனிந்து கன்றை எண்ணுகிறவர் ஒருவருக்கே அங்கே குறை தெரியும்.