வேலை உரிமையும் தங்கும் உரிமையும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

    

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், ‘படியுங்கள்’ என்று சொல்வதோடு நின்றுவிடுதல் இனிப் போதாது. படித்தவர் எங்கே செல்கின்றார், சென்ற இடத்தில் எந்த உரிமையோடு வாழ்கின்றார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. வல்லம் வட்டாரத்துக் காலனிகளிலிருந்து செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பேருந்தேறிச் சென்று படிக்கும் நம் பெண்மக்கள், செவிலியர் பட்டம் பெற்றபின் இங்கிலாந்து, ஜெர்மனி என்று பேசுகின்றனர். பெற்றோர் மகிழ்கின்றனர், நகையை அடகு வைத்தும் அனுப்பத் துணிகின்றனர். அவர்கள் கையில் கிடைப்பது தற்காலிக வேலை விசா. அதனை நிரந்தரத் தங்குரிமையாக மாற்றிக்கொள்ளும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

வேலை வேறு, தங்கும் உரிமை வேறு என்பதை நமக்கு உணர்த்தியவர் அண்ணல் அம்பேத்கரே ஆவார். பரோடா மன்னரின் உதவியால் 1913இல் அமெரிக்கா சென்று பயின்று, 1917இல் நாடு திரும்பிப் பரோடா அரசில் பணியேற்றார். உயர்ந்த பணி கிடைத்தது. தங்க இடந்தான் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. வேலையை விட்டுவிட்டு அவர் பம்பாய் திரும்ப நேர்ந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளை எழுதிவைத்த தம் சிறு நூலுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ எனப் பொருள்படும் பெயரே அமைந்திருத்தல் எண்ணி மகிழவும் வருந்தவும் தக்கது.

நம் ஊர்ப் பெரியோர்க்கு இது புதிதன்று. நிலக்கிழாரின் மனையில் குடிசை போட்டு, அவர் வயலில் உழைத்து, அவர் முகம் கோணினால் கூரையைப் பிரித்துக்கொண்டு போன காலத்தை அவர்கள் அறிவர். அவ்வாறு குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு மனையை உடைமையாக்கும் சட்டம் 1971இல் தமிழகத்தில் வந்தது. கையில் பட்டா வந்தபின்னரே கூலியைக் கேட்கவும் பேசவும் துணிவு பிறந்தது. வேலை விசா என்பது பிறர் மனையிலிட்ட குடிசை. நிரந்தரத் தங்குரிமை என்பது பட்டா. இவ்வேற்றுமையை இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

கடல் கடந்து சென்ற நம் முன்னோரும் இதனைப் பட்டறிந்தனர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. அது முடிந்தபின் உரிமையோடு தங்க முனைந்தவர்மீது 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கப்பட்டது. மீண்டும் கூலியாகு, இல்லையேல் ஊர் திரும்பு என்பதே அவ்வரியின் உட்பொருள். 1913இல் எழுந்த பெரும் போராட்டத்திற்குப் பின்னரே, 1914இல் அது நீங்கிற்று. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டா என்னும் எண்ணம் பழமையானது. இன்று நம் செவிலியர் படித்தவர், விரும்பிச் செல்பவர், ஊதியமும் பெரிது. ஆயினும் விசாவின் விதிகளை அறியாது செல்பவர் பழைய இன்னலின் நிழலிலேயே நிற்பர்.

முதலில் பிரிட்டனைக் காண்போம். மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்க்கெனத் தனி விசாவை அந்நாடு 2020 ஆகஸ்டில் தொடங்கியது. வேலை தரும் நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றால்தான் இது கிடைக்கும். வேலை போனாலோ, நிறுவனம் தன் உரிமத்தை இழந்தாலோ, பொதுவாக 60 நாள் தவணையே கிடைக்கிறது. அதற்குள் பொறுப்பேற்க வேறு நிறுவனத்தைத் தேடிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து பணி செய்தபின் நிரந்தரத் தங்குரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. 2025 மே மாதத்தில் இப்பொது விதியைப் பத்தாண்டாக்கக் கருதுவதாக அந்நாட்டரசு அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்ட திட்டத்தில், அரசு மருத்துவப் பணியிலுள்ள மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் ஐந்தாண்டு எனவும், பட்டத் தகுதி வேண்டாத பராமரிப்புப் பணியாளர்க்குப் பதினைந்தாண்டு எனவும் முன்மொழிந்தது. அதற்கு முன்பே, 2025 ஜூலை 22 முதல், பராமரிப்புப் பணிக்கு அயல்நாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுத்தல் நிறுத்தப்பட்டுவிட்டது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பதிவு பெற்ற செவிலியராகச் செல்வதும், பராமரிப்புப் பணியாளராகச் செல்வதும் ஒன்றாகா. செவிலியர் பட்டம் பெற்ற பெண்ணை, ‘முதலில் எப்படியாவது போய்விடு’ என்று தாழ்ந்த பணியில் ஏற்றிவிடும் தரகர் சொல்லை நம்பினால், பட்டா பெறும் நாள் பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

அடுத்து ஜெர்மனி. அந்நாட்டில் செவிலியர் தகுதி முழுமையாக ஏற்கப்பட்டுத் திறன்மிகு பணியாளர்க்குரிய அனுமதி பெற்றபின், மூன்றாண்டில் நிரந்தரத் தங்குரிமை கேட்கலாம். முன்பு நான்காண்டாக இருந்த இக்காலம் 2023 நவம்பரில் குறைக்கப்பட்டது. 36 மாதம் ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டியிருத்தல், பி-1 நிலை ஜெர்மன் மொழியறிவு, அந்நாட்டுச் சட்டமும் சமுதாய ஒழுங்கும் பற்றிய அறிவு, போதிய வீட்டிடம் ஆகியன வேண்டும். செவிலியராக ஏற்கப்படுவதற்கே அதனினும் உயர்ந்த பி-2 நிலை கேட்கப்படுவதால், மொழி நிபந்தனை தானே நிறைவேறிவிடும். ஆனால் தகுதி ஏற்கப்படும் வரை பயிற்சியிலும் தேர்விலும் கழியும் காலம் இந்த மூன்றாண்டில் சேராது. ஆகவே ஊரிலேயே மொழியை நன்கு கற்றுச் செல்பவர் விரைவில் கரையேறுவர்.

இனி, செல்வோர் செய்ய வேண்டுவன சிலவற்றைக் கூறுவோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இடைவிலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்பதைப் படித்தறிதல் வேண்டும். சம்பளச் சீட்டு, வரிச் சீட்டு, பணி ஒப்பந்தம், வீட்டு வாடகைத் தாள் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே ஓர் உறையில் சேர்த்துவைத்தல் வேண்டும். பிரிட்டனில், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டாலும் வெளிநாட்டில் கழித்த நாள் 180க்கு மேற்பட்டால் தொடர்ச்சி அறுபடக்கூடும். எனவே ஊருக்கு வந்துபோன நாள்களைக் குறித்துவைக்க வேண்டும். நிறுவனம் மாற நேர்ந்தால், புதிய அனுமதி கைக்கு வருமுன் பழைய பணியை விட்டுவிடலாகாது. விதிகள் மாறுவன, ஆண்டுக்கொருமுறை அரசின் அறிவிப்பையே நேரில் படித்தல் நன்று.

தரகரைப் பற்றியும் ஒரு சொல். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என எல்லை வகுக்கப்பட்டது. அயல்நாட்டுச் செவிலியரிடம் வேலைக்கெனக் கட்டணம் வாங்கலாகாது என்பது பிரிட்டனின் நெறிமுறை. 1978இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியரை அனுப்பிவருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினச் செவிலியர்க்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியைத் தாட்கோ அறிவித்ததும் உண்டு. இத்தனை வாயில்கள் இருக்க, இலட்சக்கணக்கில் கடன்பட்டுப் போவானேன்? கடனோடு சென்றவர் முறைகேட்டைக் கண்டும் வாய் திறவார். வேலை போய்விடுமே என்று அஞ்சுவார். அவ்வச்சமே சுரண்டுவோர்க்கு முதலாகிறது.

நிரந்தரத் தங்குரிமை பெற்றவர் ஒரு நிறுவனத்தின் தயவில் வாழ வேண்டுவதில்லை. வேலையை மாற்றலாம், மேற்படிப்புப் படிக்கலாம், இழிவு நேர்ந்தால் முறையிடலாம். சாதியைக் கடல் கடந்தும் சுமந்து செல்வோர் உண்டு. அவர்கள் நடுவிலும் நிமிர்ந்து நிற்க அவ்வுரிமை துணைசெய்யும். ஊருக்கு உதவும் கையும் அப்போதே வலுப்பெறும்.

ஆகவே நம் சங்கம் மூன்று பணிகளை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். செவிலியர் மாணவியர்க்கு மாலை நேர மொழி வகுப்பு ஒன்று நடத்துதல். ஒப்பந்தத்தைக் கையெழுத்திற்கு முன் படித்துப் பொருள் சொல்லும் குழு ஒன்று அமைத்தல். முன்னே சென்றவர் பின்னே வருவோர்க்கு வழிகூற ஏற்பாடு செய்தல். முதல் தலைமுறையில் படித்தவரிடம் கேட்டறிய அண்ணனோ அத்தையோ இரார். அந்த அண்ணனாகவும் அத்தையாகவும் சங்கமே இருத்தல் வேண்டும்.

ஊரில் மனைக்குப் பட்டா கேட்டவர்களின் பெண்மக்கள், சென்ற நாட்டிலும் தம் உரிமையைக் கேட்டுப் பெறுவார்களாக! அதற்குரிய அறிவை அளிப்பது அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கடமையாகும்.

ஜெய் பீம்!